தாய் ஸ்பெயினும் உர்சுலா அக்காவும்

மத்ரித்
பிப்ரவரி 12, 1886

அன்புள்ள உர்சுலா அக்காவுக்கு,

போரோ எழுதுகிறேன். இருமல் விட்டுவிட்டது, குளிர்தான் விடவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடல் தண்ணீர் தெருவுக்குள் ஏறும் நாளில் மீன் கூடையோடு இறங்காதே என்று எழுதினால் நீ கேட்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி, உட்கார்ந்து படி. இங்கிருந்து நம் நாட்டை ஆளும் அலுவலகத்தில் தோன் பால்தொமேரோ என்று ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். நம் வீட்டுக் கதவைவிட உயரமாக ஒரு படம் வரையச் சொல்லி என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். தாய் ஸ்பெயின் தன் மகள் பிலிப்பைன்ஸின் கையைப் பிடித்துப் பளிங்குப் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டு போகிறாள். மேலே சூரியன் உதிக்கிறது. நாட்டைப் பெண்ணாக வரைந்தால்தான் இங்கே பெரிய மனிதர்களுக்குப் புரிகிறது.

படத்தை ஏற்றுக்கொண்டால் ஊர் திரும்பக் கப்பல் சீட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏழு வருஷம் ஆகிவிட்டது அக்கா. தம்பி வந்து கோயிலுக்குக் கூட்டிப் போகாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று உன்னைக் கட்டிக்கொள்ள இருக்கும் மாமெர்தோ அண்ணனை நீ காக்க வைத்திருக்கிறாய். படம் முடிந்தால் நம் மூன்று பேருக்கும் விடிவுகாலம்.

மகளுக்கு உன் முகத்தைத்தான் வரையப் போகிறேன். இங்குள்ள பெண்கள் நம் உடுப்பைப் போட்டால் திருவிழா நாடகத்துக்கு வேஷம் கட்டிய மாதிரி இருக்கிறது. ஒரு நல்ல போட்டோ எடுத்து அனுப்பு. உன் மெல்லிய சட்டை, பாவாடை, மேலே சுற்றும் கறுப்புத் துணி, பூவேலை செய்த செருப்பு எல்லாம் சேர்த்து அனுப்பு. தாய் ஸ்பெயினாக நிற்க ஒரு பெண் கிடைத்துவிட்டாள். ஆற்றில் துணி வெளுப்பவள், பெயர் காசில்டா. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

ஆசி வேண்டி உன் கையை என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு,
போரோ


மலபோன்
ஏப்ரல் 2, 1886

என் தம்பி போரோவுக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அதனோடு இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? கேட்டால் சாப்பிடுகிறேன் என்றுதான் எழுதுவாய்.

உன் கடிதத்தை மாமெர்தோவுக்குப் படித்துக் காட்டினேன். மனிதர் படகில் தார் பூசிக்கொண்டிருந்தார். "ஏழு வருஷம் காத்திருந்தவன் இன்னும் ஏழெட்டு மாசம் காத்திருக்க மாட்டேனா? ஆனா உன் தம்பிகிட்ட சொல்லு, என் மீசை காத்திருக்காது. பாதி வெளுத்தாச்சு" என்றார்.

போட்டோ எடுக்க மணிலாவுக்குப் போனேன். தலை ஆடாமல் இருக்கப் பின்னாலிருந்து ஒரு இரும்புக் கவ்வியால் கழுத்தைப் பிடித்துவிட்டான் அந்தப் போட்டோக்காரன். "அம்மா, கொஞ்சம் பணிவா பாருங்க" என்றான்.

"எங்கே பாக்கணும்?"

"கீழே."

"கீழே என்ன இருக்கு?"

நேராகத்தான் பார்த்தேன். மீன் வாங்க வந்தவளிடம் 'எடுக்கிறியா, வைக்கிறியா' என்று கேட்கிற முகமாக வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த ஒரு முகம்தான்.

ஒன்று கேட்கிறேன். உனக்கு மூக்குச் சிந்தி விட்டவள் நான். அம்மா போன நாளிலிருந்து உனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் நான். என்னைப் போய் இன்னொருத்திக்கு மகளாக்குகிறாயே! அந்தத் தாய்க்கு என்ன வயது?

கப்பலில் வரும் ஒருவரிடம் உடுப்பையும், நம் வீட்டில் உப்பில் ஊற வைத்த மீன் சாறு ஒரு புட்டியும் கொடுத்து விட்டிருக்கிறேன். புட்டியைச் சாய்க்காமல் வை.

உன் அக்கா,
உர்சுலா


மத்ரித்
மே 20, 1886

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன். நீயும் மாமெர்தோ அண்ணனும் அவர் மீசையும் சுகமென்று நம்புகிறேன்.

எல்லாம் வந்து சேர்ந்தது. மீன் சாறு மட்டும் வழியிலேயே சாய்ந்து பெட்டி முழுக்க மணக்கிறது. வீட்டுக்கார அம்மாள் மாடிக்கு ஓடி வந்து, "யார் செத்தது?" என்று கேட்டாள். மிச்சம் கால் புட்டி இருந்தது. காசில்டா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள். புட்டி காலி.

உன் போட்டோவைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். உடுப்பை ஒரு மரப்பொம்மைக்கு மாட்டி வரைகிறேன். உன் செருப்பு மட்டும் அலமாரியில் இருக்கிறது, ஏனென்றால் மகள் வெறுங்காலோடுதான் இருக்க வேண்டும் என்று தோன் பால்தொமேரோ சொல்லியிருக்கிறார்.

தாய் ஸ்பெயினுக்கு வயது இருபத்து மூன்று. கோபப்படாதே. தலையில் இலைக் கிரீடம் வைத்துவிட்டால் வயது தெரியாது. ஆனால் அவள் முழங்கையை வரைவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. துணி அடித்து அடித்து உரமேறிய கை. மடக்கினால் ஒரு குழி விழுகிறது, நீட்டினால் மறைந்துவிடுகிறது. காலையில் வரும் வெளிச்சத்தில் அதற்கு ஒரு நிறம், மத்தியானம் வேறொரு நிறம். மூன்று வாரமாக அந்த முழங்கையையே வரைந்து அழித்துக்கொண்டிருக்கிறேன். நிற்க நிற்க அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "ஸ்பெயின் சிரிக்கக் கூடாதா?" என்று கேட்கிறாள். கூடாது என்று சொன்னால் இன்னும் சிரிக்கிறாள்.

படத்தின் சின்ன மாதிரி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்,
போரோ


மலபோன்
ஜூலை 5, 1886

போரோவுக்கு,

இங்கே மழை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம் மட்டும்தான்.

உன் படத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் வெறுங்காலோடு படி ஏறுகிறாள். ஏறட்டும், நம் ஊரில் செருப்போடு படியேறுகிறவள் எவள்? ஆனால் அவள் செருப்பு எங்கேடா? படிக்கட்டின் அடியில் ஒன்றுமே இல்லையே! காலைக் கழுவி, செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு மேலே போகிறவள் வீட்டுப் பெண். கீழே செருப்பே இல்லாமல் போகிறவள் திக்கற்றவள், யாரோ வழியில் கண்டு இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. பூவேலை செருப்பை நான் எதற்கு அனுப்பினேன், உன் அலமாரிக்கு அழகு காட்டவா? ஏழு வருஷத்தில் நம் வீட்டுப் படி மறந்துபோய்விட்டதா உனக்கு? அதை வரையாவிட்டால் என் முகத்தை வரையாதே.

இன்னொரு சங்கதி. என் போட்டோவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய். அவள் முழங்கையைப் பற்றி ஒரு பக்கம். நான் அதிகம் படிக்காதவளாக இருக்கலாம், ஒன்றும் தெரியாதவள் இல்லை. அந்தப் பெண் யார் போரோ?

மீன் சாற்றை ரொட்டியில் தோய்த்துச் சாப்பிட்டாள் என்பதை மாமெர்தோவிடம் சொன்னேன். "அப்போ மனுஷிதான்" என்றார்.

அக்கா


மத்ரித்
ஆகஸ்ட் 18, 1886

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீட்டில் தண்ணீர் வடிந்ததா?

உன் கடிதம் வந்த அன்றே செருப்பை வரைந்துவிட்டேன். கீழ்ப்படியின் ஓரத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்று, சிவப்பு வெல்வெட்டும் பொன்னிழையும் தெரிகிற மாதிரி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது அக்கா. எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

நேற்று தோன் பால்தொமேரோ வந்தார். செருப்பைப் பார்த்து, "அடடா, எவ்வளவு அழகான கைவேலை!" என்றார். அதோடு அதை விட்டுவிட்டார். அப்புறம் உன் முகத்தின் முன்னால் நின்றார்.

"இந்தப் பொண்ணு அம்மாவைவிட மூத்தவளா தெரியறாளே?"

"என் அக்கா ஐயா."

"அது இருக்கட்டும். இவ ஏன் தாயை இப்படிப் பாக்கறா? ஏதோ கேள்வி கேக்கற மாதிரி? மகள்னா ஒரு நன்றி தெரியணும். கண்ணைத் தாழ்த்து, இல்லேன்னா வேற முகம் போடு."

முடியாது என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "அப்படின்னா கப்பல் சீட்டும் கிடையாது" என்று போய்விட்டார்.

உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டு அந்தச் சீட்டில் ஏறி வந்து, உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? மாமெர்தோ அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீயே சொல்லிவிடு.

நீ கேட்ட மற்ற விஷயத்துக்கு அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன்.

போரோ


மத்ரித்
செப்டம்பர் 9, 1886

மதிப்புக்குரிய உர்சுலா அக்காவுக்கு,

காசில்டா வணக்கம் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. சந்தை மூலையில் கடிதம் எழுதும் பெரியவரிடம் சொல்லி எழுதுகிறேன். அவர் அழகழகான சொற்களைச் சேர்க்கப் பார்க்கிறார், நான் விடவில்லை. நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

உங்கள் தம்பி உங்களிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் போட்டோவின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அக்காவை ஏமாத்திட்டேன்" என்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று கேட்டேன்: "அந்த ஆளுக்கு முகம்தானே பிடிக்கலை? ரெண்டு பேரையும் திருப்பி நிறுத்து. முதுகைக் காட்டிட்டுப் படி ஏறட்டும். எனக்கும் கம்பீரமா சிரிக்காம நின்னு நின்னு தாடை வலிக்குது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து உங்கள் கறுப்புத் துணியை மரப்பொம்மையிலிருந்து அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார். இப்போது வரைந்துகொண்டிருக்கிறார். சாப்பிடவும் செய்கிறார்.

இன்னொன்று. என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று ஜூன் மாதமே கேட்டார். உன் அக்கா சரி என்றால்தான் சரி என்றேன். உங்களுக்கு எழுதப் பயந்துகொண்டு நாளைக் கடத்துகிறார். எனக்குப் பயமில்லை, ஆற்றங்கரையில் நாற்பது பெண்களோடு சண்டை போட்டு வளர்ந்தவள் நான். ஆனால் உங்களுக்குப் பயப்படுகிறேன். என் ஊர்க்காரர்கள் உங்கள் ஊரில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னைப் பார்க்கப் பிடிக்காது என்றால் சொல்லிவிடுங்கள், மனசு வலிக்கும், ஆனால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

காசில்டா
(அவள் சொல்லச் சொல்ல எழுதியது. என் சொற்கள் எதுவும் இதில் இல்லை, வருத்தத்துடன், எழுத்தர்.)


மலபோன்
செப்டம்பர் 30, 1886

போரோவுக்கு,

புத்தி கெட்டவனே! நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

என் முகத்துக்காகச் சண்டை போட்டாயாம். யார் கேட்டது உன்னை? செருப்பைக் கேட்டேன், வரைந்தாய், சரி. முகத்தை அழித்துவிட்டு எவள் முகத்தை வேண்டுமானாலும் வை. என் முகம் இங்கே பத்திரமாக என் கழுத்தின் மேல் இருக்கிறது, அந்த மனிதர் வந்து எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை.

எனக்குச் சுவரில் தொங்க ஆசையில்லை. நீ வர வேண்டும். முப்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் மாமெர்தோ எழுந்துவிட்டார். வலையை எடுத்துக்கொண்டு போனவர் சாயங்காலம்தான் வந்தார். "நாம ரெண்டு பேரும் தனியாவே கோயிலுக்குப் போயிடலாமா உர்சுலா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், "சரி சரி, கேக்கலைன்னு வச்சுக்க" என்றார்.

முகத்தை மாற்று. வா.

அக்கா


மத்ரித்
அக்டோபர் 10, 1886

அன்புள்ள அக்காவுக்கு,

மிகவும் சுகம். உன் பதில் இன்னும் வரவில்லை, வரும்போது என்னைத் திட்டியிருப்பாய் என்று தெரியும். அதற்குள் இங்கே எல்லாம் மாறிவிட்டது.

இருவரையும் திருப்பி நிறுத்திவிட்டேன். முகத்தை மாற்றவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. தோன் பால்தொமேரோ வந்து பார்த்தார். முன்னும் பின்னும் நடந்தார். "இப்பத்தான் சரியா இருக்கு. கேள்வி கேக்கற முகம் இல்லாததே ஒரு நிம்மதி" என்றார். பிடித்துவிட்டது. படத்தை மணிலாவிலேயே ஒரு மண்டபத்தில் மாட்டப் போகிறார்களாம். எனக்கு முன்னால் அது கப்பல் ஏறிவிட்டது. நீ போய்ப் பார்.

உன் முதுகுக்கு எனக்கு மாடல் தேவைப்படவில்லை. இரண்டே நாளில் முடிந்தது.

ஜனவரி இருபதாம் தேதி பார்சலோனாவிலிருந்து கப்பல். இரண்டு சீட்டு வாங்கியிருக்கிறேன். "இன்னொண்ணு யாருக்கு?" என்று அவர் கேட்டார். "தாய் ஸ்பெயினுக்கு ஐயா" என்றேன். வேடிக்கை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது சீட்டைப் பற்றி உனக்கு விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு,
போரோ


மலபோன்
அக்டோபர் 22, 1886

காசில்டாவுக்கு,

உர்சுலா எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம். அந்த எழுத்தரை வருத்தப்பட வேண்டாம் என்று சொல்.

உன் ஊர்க்காரர்கள் இங்கே எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. போன மாதம்கூட ஒருவன் என் கூடையைக் காலால் தள்ளிவிட்டுப் போனான். ஆகவே உன் கடிதத்தைப் பிரிக்கும்போதே மனசு கல்லாகத்தான் இருந்தது. படித்து முடித்தபோது இல்லை. என் தம்பியைச் சாப்பிட வைத்தவள் நீ. நீ துணி வெளுக்கிறாய், நான் மீன் விற்கிறேன். நமக்குள் தாயும் கிடையாது மகளும் கிடையாது.

அங்கேயே பாதிரியார் முன்னால் கல்யாணத்தை முடித்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். இல்லாவிட்டால் இங்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அந்த நாலு பேரோடும் நான் சண்டை போட வேண்டியிருக்கும். முழங்கால் வலியோடு அது கஷ்டம்.

நான் சம்மதம் சொன்னதை அவனிடம் உடனே சொல்லாதே. அவனாக வாயைத் திறந்து எனக்கு எழுதட்டும். ஒரு வாரமாவது திண்டாட விடு.

உன் நாத்தனார்,
உர்சுலா


மலபோன்
டிசம்பர் 8, 1886

தம்பி போரோவுக்கும் காசில்டாவுக்கும்,

பார்சலோனாக் கப்பல் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். நீங்கள் ஏறுவதற்குள் கிடைத்துவிட வேண்டும். இன்று நம் மாதா திருவிழா. மேளச் சத்தத்தில் காது அடைக்கிறது. இரண்டாவது சீட்டைப் பற்றி நீ எழுதப் போகும் விவரத்துக்காக இன்னும் காத்திருக்கிறேன், அதுவரை எனக்கு ஒன்றுமே தெரியாது.

படத்தைப் பார்த்தோம். மாமெர்தோவின் படகில் போனோம். மண்டபத்தில் நல்ல கூட்டம். வாசலில் ஒரு காவலன், "தள்ளி நில்லுங்க, தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தான். எனக்கு முன்னால் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"ஏய், செருப்பைப் பாத்தியா? கீழ விட்டுட்டுப் போறா."

"அப்போ திரும்பி வருவா. செருப்பை விட்டுட்டு எவளாவது போயிடுவாளா?"

"கிரீடம் வச்ச அந்தப் பெரியம்மாவைப் பாரு, பூட்ஸைக் கழட்டாம ஏறுது!"

"யாரும் சொல்லித் தரலை போல, பாவம்."

கொல்லென்று சிரித்தார்கள். காவலன் ஓடி வந்து அதட்டினான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. ஒருத்தி, "இந்தப் பொண்ணு எங்க பெரியக்கா மாதிரியே இருக்கா" என்றாள். அடுத்தவள், "போடி, எங்க அம்மாதான் இது" என்றாள்.

பிறகு நான் பார்த்தேன். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, முதுகுதானே என்றுதான் பார்த்தேன். அப்புறம் மாமெர்தோவிடம் கேட்டேன்: "என் இடது தோள் இப்படித்தான் இறங்கி இருக்குமா?"

"கூடை சுமக்கற பக்கம் இல்லையா? இப்படித்தான் இருக்கும்."

"கொண்டை இப்படித்தான் சரியுமா?"

"எப்பவும்."

"பாவாடையை ஒரு பக்கம் மட்டும் தூக்கிச் செருகியிருக்கேனே?"

"தண்ணி ஏறற தெருவுல நடக்கறவ வேற எப்படிச் செருகுவா?" என்றார் அவர்.

போரோ, நான் உனக்கு அனுப்பியது முகத்தின் போட்டோதான். என் முதுகை யாரும் எடுத்ததில்லை, நானே பார்த்ததில்லை. ஆறு வயதிலிருந்து தினமும் விடியற்காலையில் என் பின்னால் மீன் சந்தைக்கு வந்துகொண்டிருந்தாயே, அப்போது பார்த்தது இது. நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தோளில் பாரம் இருந்தது, நேரம் இல்லை. வருகிறாய் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான். நீ இத்தனையும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய். அந்தக் காவலன் முன்னால், அத்தனை பேர் முன்னால், விம்மி விம்மி அழுதேன். புகையிலைப் பெண்கள் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, யார் செத்துப்போனார்கள் என்று கேட்டார்கள். யாரும் சாகவில்லை, என் தம்பி வருகிறான் என்றேன்.

ஈஸ்டர் கழிந்த மறுவாரம் நாள் குறித்துவிட்டோம். மாமெர்தோ மீசைக்கு மை பூசலாமா என்று கேட்கிறார், வேண்டாம் என்றேன். காசில்டாவுக்கு ஒரு ஜாடி மீன் சாறு தனியாக ஊற வைத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று கோயிலுக்குப் போகும்போது வழக்கம்போல என் பின்னால் வந்து நிற்காதே. ஒரு பக்கம் நீ வா, மறுபக்கம் அவள் வரட்டும்.

உன் அக்கா,
உர்சுலா